பரிணாம மரம் கோணலாக வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை பார்க்கும் முறை

ஆய்வகத்தில் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "மரம் ஏதோ தப்பா இருக்கு, எந்த மாடல் போடணும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அலைன்மென்ட்டைத் திறந்து கண்ணால பார்த்தீங்களா?" மரம் என்பது உயிர்களின் உறவுமுறையை அவற்றின் டிஎன்ஏ-விலிருந்து கணித்து வரையும் கிளைப்படம். அலைன்மென்ட் என்பது டிஎன்ஏ வரிசைகளை ஒத்த இடங்கள் நேராக வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கோப்பு. மாடல் என்பது அந்த எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்ற கணித அனுமானம். பல ஆண்டுகளாக மற்றவர்களின் மரங்களைச் சரிசெய்து கொடுத்ததில், மாடலால் கெட்ட மரங்களைவிட உள்ளே போன தரவால் கெட்ட மரங்களையே மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மாடலை மாற்றி ஓட்ட ஓர் இரவு ஆகும். அலைன்மென்ட்டை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

தவளை, மீன், பூச்சி என்று 16எஸ், சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீன்களின் துண்டுகளை வைத்து மரம் கட்டுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வைரஸ் ஜீனோமோ பல நூறு ஜீன்களோ வைத்திருப்பவர்களுக்குப் பின்பாதி பயன்படும். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசும் நேரமும் தின்பது கடைசியில். அந்த ஒழுங்கைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## கோப்பை மென்பொருள் ஏற்கவில்லை, அல்லது மரத்தில் பெயர்கள் குழம்பியிருக்கின்றன

பெயர்களைப் பாருங்கள். அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி ஆகிய மூன்றும் மரக் கோப்பிலேயே கிளைகளையும் அவற்றின் நீளத்தையும் காட்டும் குறிகள். சாம்பிள் பெயருக்குள் அவை இருந்தால் மென்பொருள் பெயரை உடைத்துவிடும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். பழைய ஃபிலிப் கோப்பு வடிவத்தில் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். ஒரே சிற்றினத்தின் இரண்டு சாம்பிள்கள் பத்தாவது எழுத்தில் வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிடும்.

மரம் கட்டும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீ "ஒரே மாதிரியான வரிசைகளை ஒதுக்கிவைக்கிறேன்" என்று சொன்னால் பதற வேண்டாம், கடைசியில் அவற்றை மரத்தில் சேர்த்துவிடும். ஆனால் வேறு வேறு ஊரில் பிடித்த சாம்பிள்கள் ஒரே மாதிரி வந்திருந்தால், நகலெடுத்து ஒட்டியதில் தவறு நடந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

## வேர் தவறான இடத்தில் இருக்கிறது

பெரும்பாலும் இது பிழையே அல்ல. லைக்லிஹுட் முறையில் (கையிலுள்ள தரவு வர அதிக வாய்ப்புள்ள மரத்தைத் தேடும் முறை) ஓடும் மென்பொருள்கள் வழக்கமாகத் தருவது வேரில்லாத மரம். படமாகக் காட்டும்போது ஏதோ ஓரிடத்தில் வேரைப் போட்டே ஆக வேண்டும் என்பதால் போடுகிறார்கள். நீங்கள் வெளிக்குழுவை, அதாவது ஆராயும் குழுவுக்கு வெளியே உள்ள உறவினரை, தேர்ந்து வேரை மாற்ற வேண்டும்.

வேரை மாற்றிய பிறகு ஆதரவு எண்கள் இடம் மாறி நிற்கின்றனவா என்று அவசியம் சோதியுங்கள். ஆதரவு எண் என்பது பெரும்பாலும் பூட்ஸ்ட்ராப் எண்தான்: தரவைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து ஓட்டினால் எத்தனை சதவீத மரங்களில் அந்தக் கிளை வருகிறது என்ற கணக்கு. அது கிளைக்குச் சொந்தமானது. மரக் கோப்போ அதைக் கணுவின் (கிளைகள் பிரியும் புள்ளியின்) பெயர்போல எழுதிவைக்கிறது. சில மரம் பார்க்கும் மென்பொருள்கள் வேரை மாற்றும்போது எண்ணைப் பக்கத்துக் கிளைக்குத் தள்ளிவிடுகின்றன. அச்சுக்குப் போகும் முன் இரண்டு மூன்று குழுக்களை எடுத்து, மாற்றுவதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

வெளிக்குழுவை மாற்றும்போதெல்லாம் வேர் வேறு கிளைக்குத் தாவினால் வெளிக்குழு மிகத் தொலைவில் இருக்கிறது என்று பொருள். நெருங்கிய உறவினர் ஒன்றல்ல, இரண்டு மூன்றைச் சேருங்கள். கிடைக்காவிட்டால் வேரில்லாமலே மரத்தைக் காட்டுங்கள். அதில் குறைவொன்றுமில்லை.

## ஒரே ஒரு கிளை மட்டும் அளவுக்கு மீறி நீளம்

என்னிடம் அதிகம் வரும் புகார் இது. முதலில் எண்ணைப் பாருங்கள். கிளை நீளம் என்பது ஓர் இடத்துக்கு எத்தனை மாற்றம் என்ற கணக்கு. 0.05 என்றால் நூறு இடத்துக்கு ஐந்து மாற்றம்.

### மற்றவை 0.02, 0.05 என்று இருக்க, இது மட்டும் 1-ஐத் தொடுகிறது என்றால்

கோப்புப் பிழை என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். ரிவர்ஸ் ப்ரைமரில் (மறுமுனையிலிருந்து படிக்கத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) படித்த வரிசையைத் திருப்பாமல் ஒட்டியிருப்பார்கள். ஒரு மாணவி மூன்று வாரம் மாடல் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். புதிய சிற்றினம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை வேறு. வரிசையைத் திருப்பி, ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று நிரப்பு எழுத்தாக மாற்றியதும் கிளை இருந்த இடம் தெரியாமல் சுருங்கிவிட்டது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். அலைன்மென்ட் செய்யும் மாஃப்ட் மென்பொருளில் திசையைத் தானாகவே சரிபார்க்கும் தேர்வு உண்டு. அதை எப்போதும் போட்டு வையுங்கள்.

திசை சரி என்றால் அந்த வரிசையை பிளாஸ்ட்டில் (பொதுத் தரவுத்தளத்தில் ஒத்த வரிசையைத் தேடும் கருவி) போடுங்கள். 16எஸ் கோப்புக்குள் 12எஸ் என்ற வேறு ஜீன் புகுந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

### மூன்று நான்கு மடங்குதான் நீளம் என்றால்

இங்கே பொறுமை வேண்டும். அலைன்மென்ட்டில் அந்த வரியின் இரு முனைகளைப் பாருங்கள். சாங்கர் முறையில் டிஎன்ஏ-வைப் படிக்கும்போது முதல் 30, 50 எழுத்துகள் நம்பகமில்லை, 700-ஐத் தாண்டிய வாலும் அப்படியே. மாற்றங்கள் எல்லாம் முனையில் குவிந்திருந்தால், படிக்கும் கருவி தரும் சிகர வரைபடமான குரோமட்டோகிராமைத் திறந்து மோசமான பகுதியை வெட்டிவிடுங்கள். மாற்றங்கள் வரி முழுக்கப் பரவியிருந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

அடுத்தது மாசு. பொது ப்ரைமர்கள் எதையும் பிடிக்கும். கையுறை போடாத கையின் மனித டிஎன்ஏ-வும் வரும், பூச்சியின் வயிற்றில் கிடக்கும் இரையும் வரும். பூச்சி சிஓஐ வேலையில் உள்ளே குடியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவின் ஜீன் வந்துவிழுவது தெரிந்த தொல்லை. இதற்கும் பிளாஸ்ட் போதும்.

மூன்றாவது, போலி ஜீன். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வின் துண்டுகள் செல்லின் கருவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. அங்கே அவை வேலை செய்யாமல் சும்மா கிடப்பதால் மாற்றங்கள் கண்டபடி சேரும். சிஓஐ-யைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறியீடு (புரதம் இங்கே முடிகிறது என்னும் மூன்றெழுத்து) வந்தாலோ, ஒன்றிரண்டு எழுத்து கூடிக் குறைந்து மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் சரிந்தாலோ சந்தேகப்படலாம். சரிந்த இடத்தில் குரோமட்டோகிராமையும் பாருங்கள், படித்ததில் வந்த பிழையாகவும் இருக்கலாம். நிறுத்தக் குறியீடே இல்லாத போலி ஜீனும் உண்டு, அதனால் இதில் தேறிவிட்டது என்றால் முழு விடுதலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மொழிபெயர்ப்பு அட்டவணையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். தவளைக்கு முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியா அட்டவணை, பூச்சிக்கு முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியா அட்டவணை. பொது அட்டவணையைப் போட்டால் டிஜிஏ என்பது நிறுத்தக் குறியீடாகத் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபேன். நல்ல வரிசைகள் எல்லாவற்றையும் போலி என்று தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

### எல்லாம் சரியாக இருந்தும் கிளை நீளம் என்றால்

அது உண்மையாகவே நீளமாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை 2003 இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவினர்கள் கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. அப்படித் தனித்து நிற்கும் பழைய வம்சத்துக்குக் கிளை நீளமாகத்தான் வரும். அதை வெட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

குரோமட்டோகிராமில் இரட்டைச் சிகரங்கள் வரி முழுக்க இருந்தால் கணினியில் செய்ய இனி ஒன்றுமில்லை. திசுவிலிருந்து மீண்டும் டிஎன்ஏ எடுத்து மறுபடி படிக்கக் கொடுங்கள். போலி ஜீன் திரும்பத் திரும்ப வந்தால், நீண்ட துண்டாகப் பெருக்கிப் பழக்கமுள்ள மூலக்கூறு ஆய்வகத்திடம் போய்விடுவது நல்லது.

## சம்பந்தமில்லாத இரண்டு நீளக் கிளைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன

நீளக் கிளை ஈர்ப்பு என்பார்கள். வேகமாக மாறிய இரண்டு வம்சங்கள் தற்செயலாக ஒரே எழுத்துக்கு வந்து சேர, மென்பொருள் அதை உறவு என்று எடுத்துக்கொள்கிறது. இதில் கொடுமை என்னவென்றால் தரவைக் கூட்டினால் தவறான விடை மேலும் உறுதியாகும். மிகக் குறைந்த மாற்றங்களில் மரம் கட்டும் சிக்கன முறைக்கு இப்படி நேரும் என்று பரிணாம உயிரியலாளர் ஃபெல்சென்ஸ்டைன் 1978 இலேயே காட்டிவிட்டார். மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிகளை இதனால்தான் நெடுநாள் செல்லில் கருவுள்ள உயிர்கள் அனைத்துக்கும் அடியில் வைத்திருந்தார்கள். பிறகுதான் அவை பூஞ்சைகளின் பக்கம் சேர்ந்தவை என்று தெளிவானது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். மற்றது வேறிடத்துக்கு நகர்ந்தால் ஈர்ப்பு என்று பலமாகச் சந்தேகிக்கலாம். பிறகு அதைத் திரும்பச் சேர்த்து, இதை நீக்கி ஓட்டுங்கள். தொலைவான வெளிக்குழுவும் ஒரு நீளக் கிளைதான், அதையும் நீக்கிப் பாருங்கள்.

அடுத்து, சிக்கன முறையிலோ, தூரங்களை வைத்து மரம் கட்டும் நெய்பர் ஜாயினிங்கிலோ இருந்தால் லைக்லிஹுட்டுக்கு மாறுங்கள். சிஓஐ-யில் மூன்றெழுத்துக் குறியீடுகளின் மூன்றாம் இட எழுத்துகளை நீக்கி ஒருமுறை ஓட்டுங்கள், அங்கேதான் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பழைய தடயம் அழிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த மருந்து, நீளக் கிளையை நடுவில் உடைக்கும் உறவினரைத் தேடிச் சேர்ப்பது. பொதுத் தரவுத்தளத்தில் இருந்தால் இலவசம். இல்லாவிட்டால் களப்பயணம். செலவுதான், ஆனால் எந்த மாடலும் தராத பலன் அதில் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டியே நின்றால், வரிசையின் இடத்துக்கு இடம் வேறுபடும் கலவை மாடல்கள் தேவைப்படும். அவை நினைவகத்தையும் நாட்களையும் விழுங்கும், அமைப்பதிலும் நுணுக்கம் அதிகம். அந்தக் கட்டத்தில் இத்தகைய மாடல்களை ஓட்டிப் பழகிய ஒருவரைக் கூட்டு ஆய்வாளராகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஆதரவு எண்கள் எல்லாம் குறைவு

எந்த எண்ணைப் படிக்கிறீர்கள் என்று முதலில் உறுதி செய்யுங்கள். சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் 70-க்கு மேல் இருந்தால் ஓரளவு நம்பலாம் என்பது வழக்கம். ஐக்யூ-ட்ரீயின் அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் அந்த அளவுகோல் 95. அங்கே 85 வந்ததை "நல்ல ஆதரவு" என்று எழுதுவது தவறு. நான் மதிப்பீட்டுக்கு வாங்கும் ஆய்வேடுகளில் அடிக்கடி திருத்துவது இதைத்தான்.

### எல்லா இடத்திலும் குறைவு என்றால்

தகவல் தரும் இடங்கள் எத்தனை என்று பாருங்கள், மென்பொருளே எண்ணிச் சொல்லும். ஒரு கிளையைத் தாங்கும் மாற்றம் ஒன்றே ஒன்று, அதற்கு முரணாக எதுவுமில்லை என்றாலும் பூட்ஸ்ட்ராப் 63 வாக்கில்தான் வரும். இரண்டு இருந்தால் 86, மூன்று இருந்தால் 95. கணக்கு அவ்வளவுதான். 550 எழுத்துள்ள 16எஸ் துண்டில் நெருங்கிய சிற்றினங்களுக்கிடையே ஒன்றிரண்டு மாற்றம்தான் இருக்கிறது என்றால் எந்த மாடலாலும் எண் ஏறாது. கொரோனா வைரஸிலும் இதே கதை. 29,903 எழுத்து இருந்தும் பக்கத்துப் பக்கத்து மாதிரிகளுக்குள் வேறுபாடு ஒன்றிரண்டுதான். வேகமாக மாறும் இன்னொரு ஜீனைச் சேருங்கள், அல்லது அந்தக் கிளைகளை ஒரே கணுவாகச் சுருக்கி "இங்கே தெரியவில்லை" என்று நேர்மையாகக் காட்டுங்கள்.

### ஒரு பகுதியில் மட்டும் குறைவு என்றால்

நாடோடி வரிசை ஒன்று உலாவிக்கொண்டிருக்கும். பூட்ஸ்ட்ராப் மரங்கள் ஒவ்வொன்றிலும் அது வேறிடத்தில் உட்காருவதால் போகிற இடத்திலெல்லாம் எண்ணைக் கெடுக்கும். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். ஒரு சாம்பிளில் 16எஸ் மட்டும், இன்னொன்றில் சிஓஐ மட்டும் இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை, அவற்றின் உறவை மென்பொருள் எப்படிச் சொல்லும்? மெகா மென்பொருளில் ஓட்டுபவர்கள் இடைவெளியுள்ள இடங்களை முற்றாக நீக்கும் தேர்வு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு குட்டை வரிசை 658 எழுத்தை 200 ஆக்கிவிடும்.

மூன்று நான்கு ஜீன் சேர்த்தும் அதே இடத்தில் ஆதரவு வராவிட்டால் அந்த வம்சங்கள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்திருக்கலாம். இனி ஜீனோம் அளவுத் தரவுதான் வழி. செலவழிக்கும் முன் அப்படிப்பட்ட தரவைக் கையாண்டவரிடம் திட்டத்தைக் காட்டுங்கள்.

## எல்லாக் கிளையிலும் 100, ஆனால் மரத்தை நம்ப முடியவில்லை

பல நூறு ஜீன்களை ஒட்டி ஓட்டுபவர்களுக்கு வரும் அறிகுறி. பூட்ஸ்ட்ராப் சொல்வது இதே தரவை இதே மாடலில் மறுபடி எடுத்தாலும் இதே மரம் வரும் என்பதைத்தான். மாடலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வும் 100 வாங்கும். 2003 இல் எட்டு ஈஸ்ட்களை 106 ஜீன் கொண்டு ஆராய்ந்து எல்லாக் கிளைக்கும் 100 பெற்றார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழு அதே தரவை வேறு முறையில் ஓட்டி, வேறொரு மரத்துக்கும் 100 பெற்றுக் காட்டியது. எழுத்துகளின் விகிதம் இனத்துக்கு இனம் சாய்ந்திருந்ததே அதற்குக் காரணம்.

எனவே ஐக்யூ-ட்ரீயின் பதிவுக் கோப்பின் தொடக்கத்தைப் படியுங்கள். எழுத்து விகிதச் சோதனையில் எந்தெந்த வரிசை தோற்றது என்று அங்கே பட்டியல் இருக்கும். பலரும் அதைத் தாண்டி மரத்துக்குப் போய்விடுகிறார்கள். தோற்றவை ஒன்றாகக் கூடி நிற்கின்றன என்றால் ஏ, ஜி இரண்டையும் ஓர் எழுத்தாகவும் சி, டி இரண்டையும் இன்னோர் எழுத்தாகவும் சுருக்கி மீண்டும் ஓட்டுங்கள். குழு கலைந்தால் நீங்கள் பார்த்தது உறவல்ல, விகித ஒற்றுமை.

பிறகு ஜீன் இசைவு எண்ணைக் கணக்கிடுங்கள். எத்தனை சதவீத ஜீன் மரங்களில் அந்தக் கிளை இருக்கிறது என்று அது சொல்லும். பூட்ஸ்ட்ராப் 100, இசைவு 30 என்று வந்தால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## ஒவ்வொரு ஜீனும் ஒவ்வொரு மரம் தருகிறது

முதலில் பலவீனமான கிளைகளைச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். முரண்பாடு என்று நினைத்ததில் பெரும்பகுதி அப்போதே மறைந்துவிடும்.

### ஒரே ஒரு சாம்பிள் மட்டும் இடம் மாறுகிறது என்றால்

குழாய் மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். கலப்பினம் என்று கட்டுரை எழுதும் முன் அதே திசுவிலிருந்து இரண்டு ஜீனையும் மறுபடி படியுங்கள்.

### ஒரு முழுக் குழுவே இடம் மாறுகிறது என்றால்

மைட்டோகாண்ட்ரியா ஒன்று சொல்ல, செல்லின் கருவிலுள்ள ஜீன்கள் எல்லாம் சேர்ந்து வேறொன்று சொன்னால் பழைய கலப்பு நடந்திருக்கலாம். பனிக்கரடியின் மைட்டோகாண்ட்ரியா பழுப்புக் கரடிகளுக்குள்ளேயே போய் அமர்கிறது. கரு ஜீனோமோ இரண்டையும் தனித்தனி வம்சமாகக் காட்டுகிறது. கரு ஜீன்களே தமக்குள் பிரிந்து நின்றால், இனம் பிரியும் முன்பே இருந்த வேறுபாடுகள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டிருக்கலாம். மனிதன், சிம்பன்சி, கொரில்லா மூன்றிலும் மனிதனும் சிம்பன்சியும்தான் நெருக்கம். ஆனாலும் கொரில்லா ஜீனோமில் ஏறக்குறைய 30 சதவீதப் பகுதியில், அவ்விரண்டுக்குள் உள்ள நெருக்கத்தைவிட அவற்றில் ஒன்றோடு கொரில்லாவுக்கு நெருக்கம் அதிகம். அது பிழை அல்ல, வரலாறே அப்படி.

இந்நிலையில் ஜீன்களை ஒட்டி ஒரே மரமாக ஓட்டுவதோடு நிறுத்தாமல் ஆஸ்ட்ரல் போன்ற முறையில் ஜீன் மரங்களிலிருந்து இன மரத்தைக் கட்டிப் பாருங்கள். வைரஸ் தரவு என்றால் முதலில் மறுசேர்க்கைச் சோதனை (இரண்டு வைரஸ்களின் துண்டுகள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது). கலப்பா, பழைய வேறுபாடா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மக்கள்தொகை மரபியல் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும்.

## பேயஸ் ஓட்டம் ஒன்றுசேரவே இல்லை

பேயஸ் முறை ஒரே மரத்தைத் தேடாமல், முன்பகிர்வு என்ற முன்னனுமானத்தோடு தொடங்கிப் பல மரங்களை மாதிரி எடுத்துக்கொண்டே போகும். அந்த ஓட்டத்தின் பதிவை ட்ரேசர் என்ற மென்பொருளில் திறங்கள். தடம் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஓடவிடுங்கள். கிடைமட்டமாக அடர்ந்த புதர்போல இருந்தால் நல்லது. ஒன்றையொன்று சாராத மாதிரிகள் எத்தனை என்று சொல்லும் ஈஎஸ்எஸ் எண் 200-க்கு மேல் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. மிஸ்டர்பேயஸ் மென்பொருளில் இரண்டு ஓட்டங்களின் மரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் பிளவு விலக்கம் 0.01-க்குக் கீழே இறங்க வேண்டும். ஈஎஸ்எஸ் நன்றாக இருந்தும் விலக்கம் இறங்காவிட்டால் இரண்டு ஓட்டமும் இரண்டு வேறு மரக்கூட்டத்தில் மாட்டியிருக்கின்றன, அதை விடக்கூடாது.

பீஸ்ட் என்ற இன்னொரு பேயஸ் மென்பொருளில் இரண்டு ஓட்டமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மகிழ வேண்டாம். தற்செயல் எண்களுக்கு ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்திருப்பீர்கள்.

ஓட்டத்தை இரண்டு மூன்று மடங்கு நீட்டியும் சேராவிட்டால் மாடலை எளிதாக்குங்கள். குட்டித் தரவைப் பல பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி மாடல் கொடுத்திருந்தால் பிரிவுகளைக் குறையுங்கள். மரத்தின் மொத்த நீளம் லைக்லிஹுட் மரத்தைவிடப் பல மடங்கு வந்தால் கிளை நீளத்துக்குக் கொடுத்த முன்பகிர்வைப் பாருங்கள், பழைய மிஸ்டர்பேயஸ் பதிப்புகளில் இது தெரிந்த சிக்கல். அதன் பிறகும் சேராதது புள்ளியியல் ஆள் பார்க்க வேண்டியது.

## காலக் கணக்கு நம்பும்படியாக இல்லை

வம்சங்கள் பிரிந்த காலம் சரியாக இரண்டு மடங்கு தவறா? வேகத்தை இரட்டித்துவிட்டீர்கள். "பத்து லட்சம் ஆண்டுக்கு 2 சதவீதம்" என்று மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொல்வது இரண்டு வம்சங்களுக்கு இடையிலான வேறுபாடு. பீஸ்ட் கேட்பது ஒரு வம்சத்துக்கு, அதாவது 0.01. ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு தவறு என்றால் ஆண்டா, பத்து லட்சம் ஆண்டா என்று அலகைப் பாருங்கள். வைரஸ் என்றால் தேதி வடிவத்தையும் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.

அப்புறம், தரவே இல்லாமல் முன்பகிர்வை மட்டும் வைத்து ஓட்டுங்கள். தரவோடு ஓட்டியபோது வந்த அதே வயது இப்போதும் வந்தால் அந்த வயதைச் சொன்னது உங்கள் டிஎன்ஏ அல்ல, புதைபடிவ வயதை வைத்து நீங்கள் போட்ட எல்லைகள். இந்தச் சோதனையைச் செய்யாத காலக் கணக்கை நான் நம்புவதில்லை.

வைரஸ் மாதிரிகளுக்கு டெம்பெஸ்ட் மென்பொருளில் தேதிக்கும் வேரிலிருந்து உள்ள தூரத்துக்கும் கோடு போட்டுப் பாருங்கள். கோடு ஏறவில்லை என்றால் கடிகாரம் ஓடும் அளவுக்குத் தரவில் காலம் இல்லை. கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் தேதிப் பிழை அல்லது மோசமான ஜீனோம். கொரோனா வைரஸில் தொடக்க காலத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாற்றம் என்பதை மனதில் வைத்தால் எது மிகை என்று உடனே பிடிபடும்.

புதைபடிவ எல்லைகளைத் தேர்வதைத் தனியாகச் செய்யாதீர்கள். அந்தக் குழுவின் புதைபடிவங்களை அறிந்தவரிடம், எது எந்தக் கணுவுக்கு, கீழ் எல்லை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

யாரிடம் போனாலும் மரப் படத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். குரோமட்டோகிராம்கள், வெட்டாத அலைன்மென்ட், வெட்டிய அலைன்மென்ட், முழுப் பதிவுக் கோப்பு, மென்பொருளின் பதிப்பு, தொடக்க எண், கொடுத்த கட்டளை ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டுக்கொண்டு போங்கள்.